கனடாவில் கஞ்சாவுக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது, சரி. உங்கள் விசா இடம் கொடுக்குமா?

தம்பி, நீங்கள் கேட்டிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குப் படிக்க வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பேஸ்மென்ட்டில் கூட இருக்கும் பையன்களில் இருவர் ராத்திரியானால் பின்பக்கம் போய்க் கஞ்சா புகைக்கிறார்கள். கேட்டால், "இங்கே இது பீர் மாதிரிதான், சொல்லப்போனால் பீரைவிடக் கெடுதல் கம்மி" என்கிறார்கள். அது உண்மையா, ஒரு நாள் நானும் சேர்ந்தால் ஏதாவது பிரச்சினை வருமா என்று கேட்கிறீர்கள். வீட்டுக்குத் தெரிந்தால் அம்மா தாங்க மாட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். கேட்டது நல்லது. நான் திருச்சியிலிருந்து இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சட்டம் மாறுவதற்கு முன்னும் இந்த ஊரைப் பார்த்திருக்கிறேன், மாறிய பின்னும் பார்க்கிறேன்.

2018 அக்டோபர் 17 முதல் கனடா முழுக்கக் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. நாடு முழுக்க அனுமதித்ததில் உருகுவேக்கு அடுத்து கனடாதான். நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது நிறைந்தவர்கள் வாங்கலாம். வெளியே 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம், வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். சிகரெட் பிடிக்கக்கூடிய இடத்தில் இதையும் பிடிக்கலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் புகைக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும். உங்கள் ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். கூட இருப்பவர்களில் 18 வயதுப் பையன் யாராவது இருந்தால் அவன் தொடவே கூடாது, மற்றவர்கள் அவனுக்குக் கொடுக்கவும் கூடாது. நாளைக்கே நீங்கள் மான்ட்ரியலுக்கு மாறிப் போனால் கணக்கு வேறு. கியூபெக்கில் மது வாங்க 18 வயது போதும், கஞ்சா வாங்க 2020 முதல் 21 ஆக வேண்டும்.

இனி அந்த "பீர் மாதிரிதான்" என்ற பேச்சு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாசா இருக்கிறது. இடியாப்பமும் கொத்து ரொட்டியும் விற்கும் கடைக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு கஞ்சாக் கடை. அதன் கண்ணாடி முழுக்க ஒட்டி மறைத்திருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவிலிருந்து தெரியாது. 19 வயதுக்குக் கீழே யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அப்பாவோடு வந்த குழந்தையாக இருந்தாலும் வாசலோடு சரி. பொட்டலத்தில் படம், அலங்காரம் எதுவும் இருக்காது. சிவப்பில் ஓர் எச்சரிக்கைக் குறி, மஞ்சள் கட்டத்துக்குள் உடல்நல எச்சரிக்கை, எத்தனை மில்லிகிராம் என்ற எண், அவ்வளவுதான்.

அங்கிருந்து எல்.சி.பி.ஓ. மதுக்கடைக்குப் போங்கள். நம் ஊர் டாஸ்மாக் போல அதுவும் அரசாங்கத்தின் கடைதான், ஆனால் வெளிச்சமும் அலங்காரமுமாகத் துணிக்கடை போல இருக்கும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே அம்மாக்கள் ஒயின் வாங்குவார்கள். பாட்டிலில் புற்றுநோய் பற்றி ஒரு வரி கூட இருக்காது. 2017இல் யூகான் பகுதியின் வைட்ஹார்ஸ் மதுக்கடையில் ஆராய்ச்சியாளர்கள் அப்படி ஒரு வரியை ஒட்டிப் பார்த்தார்கள். மதுக் கம்பெனிகள் எதிர்த்ததில் சில வாரங்களிலேயே வேலை நின்றுபோனது. மறுவருடம் திரும்பத் தொடங்கியபோது புற்றுநோய் வரியை எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் மது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1988லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. இது எனக்கு இன்னும் ஆறாத கோபம். எது அதிகம் பேரைக் கொல்கிறதோ அதற்குத் திறந்த அலமாரி. மற்றதற்கு மூடிய கண்ணாடி.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று பார்த்தால் சுவையான கதை. 1916இல் ஒன்டாரியோ மது விற்பனையைத் தடை செய்தது. 1923இல் கனடா கஞ்சாவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது, நாடாளுமன்றத்தில் அதைப் பற்றி விவாதம் என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஆக அப்போது இங்கே இரண்டும் தடைதான். 1927இல் மது திரும்பி வந்தது. கஞ்சா திரும்ப அதற்குப் பிறகும் 91 வருடம் ஆனது. மது திரும்பி வந்த காலத்தில் அதை வாங்கத் தனி அனுமதிப் புத்தகம் வேண்டும், வாங்கியதை அதில் எழுதுவார்கள், பாட்டிலைக் கண்ணில் காட்டாமல் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தருவார்கள். இன்றைய கஞ்சாக் கடையின் மூடிய கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். பிறகு கட்டுப்பாடு ஒவ்வொன்றாகக் கழன்றது. 2024 செப்டம்பரிலிருந்து பால், ரொட்டி வாங்கும் மூலைக்கடையிலும் பீர் கிடைக்கிறது. கஞ்சாவும் இதே வழியில் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம்.

அனுமதித்தது தப்பா என்று கேட்டால், இல்லை, சரியென்றே சொல்வேன். முன்பு ஒரு சின்னப் பொட்டலத்துக்காகப் பையன்கள் மேல் வழக்குப் பதிவாகும். அந்தப் பதிவு வேலைக்குப் போகும் இடமெல்லாம் கூடவே வரும். கறுப்பினப் பிள்ளைகளும் பூர்வகுடிப் பிள்ளைகளும்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். லெ டெய்ன் என்பவர் தலைமையில் அரசே அமைத்த ஆணையம், கையில் வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று 1972லேயே சொன்னது. கேட்கத்தான் நாற்பத்தாறு வருடம் ஆனது. 2019இல் வந்த ஒரு சட்டம், கையில் வைத்திருந்ததற்காக மட்டும் தண்டனை பெற்றவர்கள் கட்டணமில்லாமல் மன்னிப்புக்கு விண்ணப்பிக்க வழி செய்தது. அதெல்லாம் நியாயம்.

"கெடுதல் கம்மி" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மது அளவு மீறினால் மூச்சே நின்று ஆள் போய்விடலாம். கஞ்சாவில் பெரியவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. ஈரல், வாய், தொண்டை, மார்பகம், குடல் என்று மது தொடாத இடமில்லை. 2023இல் இங்கே வந்த புது வழிகாட்டுதல், வாரத்துக்கு இரண்டு பீருக்குள் இருந்தால்தான் ஆபத்து குறைவு என்கிறது. நம் ஆட்கள் பார்ட்டியில் முதல் அரைமணி நேரத்திலேயே அதைத் தாண்டிவிடுவார்கள். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் அதே ஆட்கள்தான். நம் வீடுகளில் கை ஓங்கியதும் சம்பளம் கரைந்ததும் பெரும்பாலும் எதனால் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மீதிப் பாதியை உங்கள் நண்பர்கள் சொல்வதில்லை. 1980களில் கஞ்சாவில் டி.எச்.சி. என்ற போதைச் சத்து மூன்று சதவீதம் போல இருந்தது. இன்று சராசரி பதினைந்து, சிலவற்றில் முப்பது வரை போகிறது. மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது என்கிறார்கள். அந்த வயதுக்குள் தினமும் பிடிப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது ஏற்கெனவே இருந்தால் இன்னும் கூடுகிறது. நம் வீடுகளில் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். "சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்று மூடிவிடுவார்கள். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டு வையுங்கள்.

அப்புறம் கஞ்சா கலந்த "கம்மி" (gummy) மிட்டாய். கடையில் விற்பதில் ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் உச்சவரம்பு. திருட்டுத்தனமாக வருவதில் அந்தக் கணக்கே கிடையாது. போதை ஏற இரண்டு மணி நேரம் கூட ஆகலாம். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றைப் போட்டு, நடுராத்திரியில் நெஞ்சு படபடக்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்கள் உண்டு. குழந்தைகள் எடுத்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போவதும் இங்கே கூடியிருக்கிறது. வீட்டு ஓனரின் குழந்தை மேல்மாடியில் இருந்தால், ஃபிரிட்ஜில் அதை வைக்காதே என்று நண்பர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இப்போது உங்களுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, வொர்க் பெர்மிட்டில் இருந்தான். பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. ஒரு டிசம்பர் மாதம் பிறந்தநாள் விழாவில் மூன்று பெக். கஞ்சாகூட இல்லை, வெறும் மது. "பத்து நிமிட ஓட்டம்தானே" என்று வண்டியை எடுத்தான். வழியில் போலீஸ் சோதனை. 2018 டிசம்பர் முதல், சட்டப்படி நிறுத்திய எந்த டிரைவரையும் சந்தேகமே இல்லாமல் மூச்சுக் கருவியில் ஊதச் சொல்லலாம். ஊதினான். அங்கேயே லைசன்ஸ் 90 நாளுக்குப் போனது, வண்டியை ஏழு நாளுக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் காலையில் என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். முன்னால் வைத்த காபி ஆறும் வரை தொடவே இல்லை. "ஊருக்கு அனுப்பிடுவாங்களாண்ணா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். நான் இல்லை என்று சொல்ல முடியாமல் இருந்தேன். தண்டனை உறுதியானது. பி.ஆர். கிடைக்கவில்லை. ஊருக்குத்தான் போனான்.

காரணம் இதுதான். போதையில் வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனையை அதே 2018 டிசம்பரில் ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக்கினார்கள். பத்து வருடம் என்றாலே குடியேற்றச் சட்டத்தில் அது கடும் குற்றம். நீதிபதி வெறும் அபராதத்தோடு விட்டாலும் குடியேற்ற அதிகாரிக்கு அந்தப் பத்துதான் கண்ணில் படும். பி.ஆர். இருப்பவர்களே அதை இழக்கலாம் என்றால் ஸ்டடி பெர்மிட் எம்மாத்திரம்? கனடாக்காரனுக்கு இது ஒரு வழக்கு. நமக்கு இருந்த இடமே போய்விடும்.

கஞ்சாவுக்கும் இதே சட்டம்தான். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டி.எச்.சி. இருந்தால் மதுவில் மாட்டியது போலத்தான். இரண்டிலிருந்து ஐந்துக்குள் இருந்தாலும் குற்றமே. மதுவும் கஞ்சாவும் சேர்ந்திருந்தால் வரம்பு இன்னும் கீழே. உங்கள் கையில் இருந்தால் அது புது டிரைவர்களுக்கான ஜி1 அல்லது ஜி2 லைசன்ஸாகத்தான் இருக்கும். அவற்றுக்கு ஒன்டாரியோவில் வரம்பே பூஜ்யம், மதுவுக்கும் கஞ்சாவுக்கும். மது சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அடிக்கடி பிடிப்பவன் ரத்தத்தில் கஞ்சாவின் மிச்சம் மறுநாளும் இருக்கலாம். ராத்திரி பிடித்துவிட்டுக் காலையில் வேர்ஹவுஸ் ஷிப்டுக்கு ஓட்டிப் போகிறவனுக்கு, தான் தெளிந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

எல்லை விஷயத்திலும் கவனம். நயாகராவுக்குக் கண்டிப்பாகப் போவீர்கள், எல்லோரும் போகிறோம். இந்தப் பக்கம் ஒன்டாரியோவில் கஞ்சா சட்டப்படி சரி. எதிர்க்கரையில் நியூயார்க் மாநிலத்திலும் 2021 முதல் சரி. நடுவில் இருக்கும் ரெயின்போ பாலத்தில் மட்டும் சரியில்லை. எல்லை தாண்டிக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் கனடாவில் 14 வருடம் வரை போகக்கூடிய குற்றம். அமெரிக்க எல்லை அதிகாரிக்கோ மாநிலச் சட்டம் ஒரு பொருட்டே இல்லை, ஒன்றிய அரசின் சட்டம்தான் கணக்கு. விடுமுறைக்குச் சென்னைக்குப் போகும்போது ஜாக்கெட் பையில் மறந்த ஒரு கம்மி இருந்தால் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. நண்பனின் பையை இரவல் வாங்கினால் எல்லா ஜிப்பையும் திறந்து பாருங்கள்.

ஆகவே சேரலாமா என்றால், படிப்பு முடிந்து பி.ஆர். கையில் வரும் வரை வேண்டாம் என்றுதான் என் தம்பிக்குச் சொல்வேன். மதுவுக்கும் அதே பதில்தான் சொல்வேன், அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நண்பர்களோடு சண்டை போட வேண்டாம், அவர்கள் சட்டத்தை மீறவில்லை. "எனக்கு ஒத்துக்காது" என்று ஒரு தடவை சொன்னால் போதும். இங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள், இந்த ஊரில் எனக்குப் பிடித்த குணம் அது. புகை அறைக்குள் வருகிறதென்றால் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பிடிக்காமல் தள்ளிப் போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், கேட்பார்கள். அவர்களில் யார் வண்டி ஓட்டினாலும், அன்று பிடித்திருந்தால் ஏறாதீர்கள். டி.டி.சி. பஸ் ராத்திரி முழுக்க ஓடுகிறது. அதுவும் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், எத்தனை மணியானாலும் வந்து கூட்டிப் போகிறேன்.