இனிமேல் கேம்களைக் காசு கொடுத்து வாங்குவது வீணா? ஸ்ட்ரீமிங்தான் எதிர்காலமா?

கோபியில் கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கடைக்கே வந்து கேட்கிறார்கள். போன தடவை கேட்டவன் என் அக்கா மகன். "மாமா, கிளவுட்லயே ஆடிக்கலாமுங்க. எதுக்கு முப்பதாயிரத்துக்குக் கார்டு?" என்றான். கேம் கம்பெனியின் சர்வரில் ஓடும், படம் மட்டும் நெட் வழியாக நம் திரைக்கு வரும்; அதைத்தான் கிளவுட், ஸ்ட்ரீமிங் என்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு விற்றுப் பிழைக்கிறவனிடம் வந்து கேட்கிற கேள்வியா இது! ஆனால் பையன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், புது சிஸ்டத்துக்குக் கொட்டேஷன் எழுத எனக்கே கை கூசியது.

சரி, போட்டுத்தான் பார்த்துவிடலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டில் உட்கார்ந்தோம். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் சேவை 2025 நவம்பரில்தான் இந்தியாவுக்கு வந்தது. எட்டு வருடப் பழைய லேப்டாப், ஒரு கன்ட்ரோலர், 100 எம்பிபிஎஸ் ஃபைபர், அவ்வளவுதான். அந்த லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் ஊளையிடும். அதில் கார் ரேஸ் வழுக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு. வெளியே போய்ப் பார்த்தால், வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே தொங்கிய ஃபைபரை அறுத்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கேபிள்காரர் வந்து ஒட்டிக் கொடுக்க மறுநாள் மதியமாகிவிட்டது.

இது ஸ்ட்ரீமிங்கின் குற்றமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஸ்ட்ரீமிங் எப்படி நடக்கும் என்பதற்கு அதுதான் உண்மையான படம். பலர் சர்வர் தூரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தூரம் பெரிய விஷயமே இல்லை. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போய்விடும். சென்னை சர்வர் 400 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்த் திரும்ப 4 மில்லி செகண்ட். கேமில் ஒரு ஃபிரேம் என்பதே, நொடிக்கு 60 ஃபிரேம் கணக்கில், 16.7 மில்லி செகண்ட். நேரத்தைத் தின்பது வழியில் ஒவ்வொரு முனையிலும் நிற்கிற வரிசை, அங்கே படத்தைச் சுருக்குவது, இங்கே விரிப்பது, அதற்கு மேல் ரெண்டு செங்கல் சுவரைத் தாண்டி வருகிற வைஃபை. கார் ரேஸில் இதெல்லாம் தெரியவில்லை. கிரிக்கெட் கேமில் தெரிந்தது. பந்து மட்டைக்கு வந்த பிறகுதான் பையன் அடித்த மாதிரி இருக்கும், ஆனால் அவன் சரியான நேரத்துக்குத்தான் பட்டனை அமுக்கியிருப்பான்.

மொபைல் டேட்டாவில் ஆடலாம் என்கிற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். 20 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 9 ஜிபி போகும். தினம் 2 ஜிபி பேக் பதிமூணு நிமிஷத்தில் காலி.

இத்தனைக்கும் எனக்கு ஸ்ட்ரீமிங் மேல் கோபமில்லை. வாடகை என்று சொல்லியே வாங்குகிறார்கள். வாடகை ஏறும், அதுவும் தெரிந்ததுதான். எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் மாதச் சந்தா அமெரிக்காவில் 2025 அக்டோபரில் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது. ஒரே எகிறில் ஐம்பது சதவீதம். பிடிக்கவில்லையென்றால் காலி செய்துவிட்டுப் போகலாம். கூகுளின் ஸ்டேடியா அதைவிட விசித்திரம். கேமை முழு விலைக்கு விற்றார்கள், ஆனால் அது ஓடுவது அவர்கள் சர்வரில் மட்டும். 2019 நவம்பரில் ஆரம்பித்து 2023 ஜனவரி 18-ல் மூடிவிட்டார்கள். அவர்கள் கடையில் வாங்கிய கேமுக்கும் கன்ட்ரோலருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், கன்ட்ரோலர் குப்பைக்குப் போகாமலிருக்க ப்ளூடூத்தையும் திறந்துவிட்டார்கள். நல்ல சாவுதான், மறுக்கவில்லை. எல்லாரும் இப்படிக் கணக்குத் தீர்த்துவிட்டுப் போவார்கள் என்று நம்பி இறங்க முடியாது.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் 'வாங்கு' என்று எழுதியிருக்கிற பட்டன் மேல்தான். யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' என்ற கார் கேம் 2014-ல் வந்தது. தனியாக ஆடினாலும் அவர்கள் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். அப்புறம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

லைன் அறுந்து சும்மா உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் இதைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா, "அப்ப தடம் எழுதி வாங்கலையாட்ட இருக்குது" என்றார். பையனுக்குப் புரியவில்லை. "தடம்னா என்னங்க அப்பிச்சி?"

கொங்குப் பக்கம் காடு தோட்டம் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரயப் பத்திரத்தில் மாமூல் வண்டித்தடத்தில் போக வர பாத்தியம் உண்டு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி விட்டுப்போனால், பட்டா உங்கள் பேரில், கிணறு உங்களுடையது, தென்னை உங்களுடையது, ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் கம்பிவேலி போட்ட அன்றைக்குப் போர்வெல் வண்டி உள்ளே வராது. வரப்பு மேல் நடந்து போய் உங்கள் தோட்டத்தை நீங்களே வேடிக்கை பார்க்கலாம். எங்கள் ஊரில் கொலை வரைக்கும் போன தடத் தகராறுகள் உண்டு. 'தி க்ரூ' டிஸ்க் அப்படிப்பட்ட தோட்டம்.

இதைப் பலர் புரிந்துகொண்டதால்தான் 2024-ல் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பியது. ஐரோப்பியக் குடிமக்கள் மனுவாகப் போய் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சர்வரை ஆயுசுக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். எங்கள் பாஷையில், வேலி போடு, தடத்தை விடு. 'தி க்ரூ'வின் இரண்டாம் பாகத்துக்கு 2025-ல் ஆஃப்லைன் வசதி வந்தது இந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் கடைகள் விற்பது உரிமம் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் எனச் சட்டம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் பெரிய ஆன்லைன் கடையான ஸ்டீம், பில் போடும் இடத்திலேயே அதை எழுதிவிட்டது. அந்தக் கணக்கை மகனுக்கு உயில் எழுதி வைக்கவும் முடியாது.

டிஸ்க் வாங்கினால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது. சோனியின் பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். நின்டென்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்டுகளில் கேமே இருக்காது, டவுன்லோடு செய்யச் சாவி மட்டும்தான். நானே ஒரு டிஸ்க் வாங்கி ஆசையாகப் போட்டேன். 40 ஜிபி இறக்கு என்றது. எதற்கு அந்த டப்பா என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

என் கடை மேஜை டிராயரில் ஒரு சிடி பவுச் இருக்கிறது. அதில் மார்க்கரில் 'ஐ.ஜி.ஐ' என்று கோணலாக எழுதிய சிடி, பழைய துப்பாக்கிச் சண்டை கேம். முப்பது ரூபாய், திருட்டு காப்பிதான், பெருமையில்லை. எங்கள் செட்டில் ஒருத்தனும் அந்தக் காலத்தில் கேமுக்கு நேர்மையாகக் காசு கொடுத்ததில்லை, அதனால் உரிமை பற்றிப் பேச எனக்கு வாய் கொஞ்சம் அடங்கித்தான் வருகிறது. ஆனால் கடையில் இருக்கிற பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் அது இன்றைக்கும் ஓடுகிறது, யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. அவை பிழைத்திருக்கிறதென்றால் இப்படி யார் டிராயரிலாவதுதான்.

ஆக, ஸ்ட்ரீமிங் வளரும், வாங்குவதை ஒழித்துவிடாது என்பதுதான் என் கணிப்பு. ஒரு தடவை கதை முடித்துவிட்டு மறக்கப்போகிற கேமுக்கு வாடகை போதும். ஆன்லைனில் மட்டும் ஓடும் கேமை எப்படி வாங்கினாலும் வாடகைதான், அதற்கு முழு விலை கொடுக்கும் முன் ஒரு டீ குடித்துவிட்டு யோசியுங்கள். திரும்பத் திரும்ப ஆடுகிற கேம் என்றால் ஜிஓஜி மாதிரி ஆஃப்லைன் இன்ஸ்டாலரையே, அதாவது நெட் இல்லாமல் கேமைப் போட்டுக்கொள்ளும் கோப்பையே, கையில் கொடுக்கிற ஆன்லைன் கடையில் வாங்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். அங்கேயும் பத்திரத்தில் உரிமம் என்றுதான் இருக்கும், ஆனால் கோப்பு உங்களிடம் வந்துவிட்டால் தடம் உங்களுடையது.

அக்கா மகன் கடைசியில் ரெண்டையும் செய்தான். செகண்ட் ஹேண்ட் கார்டு ஒன்று பாதி விலைக்குப் பார்த்துக் கொடுத்தேன். செமஸ்டர் லீவுக்கு ஒரு மாதம் மட்டும் கேம் பாஸ் போட்டு, ரெண்டு கேமை முடித்துவிட்டு நிறுத்தினான். அப்பா கேபிள்காரரைக் கூப்பிட்டு, ரோட்டோரக் கம்பத்தில் ஃபைபரை இன்னும் ரெண்டடி ஏற்றிக் கட்ட வைத்துவிட்டார்.