சிப் வரவில்லை என்றால் கட்டிய பணமும் வராதா?

கேள்வி: புதிய தலைமுறை ப்ராசசர் உள்ள லேப்டாப்புக்கு முழுப் பணமும் கட்டி ஆன்லைனில் முன்பதிவு செய்தேன். ஆறு வாரத்தில் வரும் என்றார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. "சிப் கம்பெனியே தாமதம் செய்கிறது" என்கிறார் விற்பனையாளர். பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம். வேண்டுமானால் பழைய ப்ராசசர் உள்ள மாடலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். சிப் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: சிப் கம்பெனியை விட்டுவிடுங்கள். உங்களிடம் பணம் வாங்கியது அவர்கள் இல்லை. அவர்கள் அறிவிக்கும் தேதி ஒரு திட்டம்தான். மாறலாம் என்று பொடி எழுத்தில் போட்டும் வைத்திருப்பார்கள். உதாரணத்துக்கு, இன்டெல்லின் 10 நானோமீட்டர் சிப்புகள் (அன்றைய புதிய தலைமுறை) 2016 வாக்கில் எதிர்பார்க்கப்பட்டவை. 2018-ல் பெயருக்குத் தலைகாட்டின; லேப்டாப்புகளில் பரவலாக வந்தது 2019-ல், ஐஸ் லேக் என்ற பெயரில்.

இந்தப் பழைய கதை உங்களுக்குத்தான் சாதகம். 'எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம்' என்ற வாதம் எதிர்பாராத நிகழ்வுகளுக்கே எடுபடும். சிப் தள்ளிப்போவது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் புதிதல்ல. அது தெரிந்தே தேதி சொல்லிப் பணம் வாங்கியவர், பிறகு கையை விரிக்க முடியாது. ஆனால் விதிமுறைகளில் 'உத்தேசத் தேதி', 'சப்ளையர் தாமதம்' போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வழக்கு கொஞ்சம் பலவீனமாகும், அவ்வளவுதான். உத்தேசம் என்று எழுதிவிட்டால் காலவரையே இல்லை என்று ஆகிவிடாது. நியாயமான காலத்துக்குள் தந்தாக வேண்டும்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பது நாட்டைப் பொறுத்தது. தேதி எதுவும் பேசாவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 நாளுக்குள் பொருளைத் தர வேண்டும். அமெரிக்காவில் அதே 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அமெரிக்க விதிப்படி, தாமதத்துக்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் பணம் திரும்பி வர வேண்டும்.

இந்தியாவில் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-ம் பிரிவில் ஒரு பொறி இருக்கிறது, பலர் அதில் விழுகிறார்கள். காலக்கெடு முக்கியமான ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த பொருளைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், பிறகு தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. வாங்கும்போதே 'நஷ்டஈடு கேட்பேன்' என்று தெரிவித்திருக்க வேண்டும்.

அதனால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆர்டர் எண், சொன்ன தேதி, கட்டிய தொகை மூன்றையும் குறிப்பிட்டு, பதினைந்து நாளில் லேப்டாப் வராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முழுப் பணத்தையும் கேட்பதாக எழுதுங்கள். தொலைபேசியில் கத்துவது எதற்கும் சாட்சி ஆகாது. பழைய மாடலை ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "சரி, அதையாவது அனுப்புங்கள்" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அப்புறம், இடையில் பார்சல் வந்துவிட்டால் பிரிக்கும் முன் பெட்டியின் மேல் இருக்கும் ப்ராசசர் மாடல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.