அந்தமானில் சிக்னல் எதுவரை? பயணிகளின் கேள்விகளும் என் பதில்களும்

நான் போர்ட் பிளேயருக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கைபேசிக் கோபுரங்களில் மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பேட்டரி, டீசல் ஜெனரேட்டர், அவற்றோடு மழை என்று என் நாட்கள் போகின்றன. ஊரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் இங்கே பேச்சில் இன்னும் போர்ட் பிளேயர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். விடுமுறைக்காலம் நெருங்கினால் தமிழ்நாட்டிலிருந்து வரும் விசாரணைகளில் பாதி ஓட்டலைப் பற்றியது, மீதி பாதி இணையத்தைப் பற்றியது. இரண்டாவது பாதிக்கு என்னால் பொறுப்போடு பதில் சொல்ல முடியும்.

மதுரையிலிருந்து ஒருவர்: ஐயா, எங்கள் வீட்டில் நான்கு பேரிடமும் நான்கு விதமான சிம். அந்தமானில் எது வேலை செய்யும்? தனியாக ரோமிங் போட வேண்டுமா?

ரோமிங் எதுவும் வேண்டாம். இது இந்தியாதான், உங்கள் வழக்கமான ரீசார்ஜ் அப்படியே செல்லும். போர்ட் பிளேயரில் ஏர்டெல், ஜியோ இரண்டிலும் குறையில்லை. ஹேவ்லாக், நீல் தீவுகளிலும் கடைத்தெருப் பக்கம் இரண்டும் கிடைக்கும். வோடஃபோன் ஐடியா சிம்மைப் போர்ட் பிளேயருக்கு வெளியே நம்பாதீர்கள். வடக்கே ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் என்று போகிறவர்கள் ஒரு பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பது நல்லது. வேகத்தில் அது பின்தங்கியிருந்தாலும், மற்றவை எட்டாத சில மூலைகளில் அதன் சிக்னல் எட்டும்.

நால்வரிடமும் வெவ்வேறு சிம் இருப்பதை மாற்றவே மாற்றாதீர்கள். ஒன்று கைவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும். புதிய சிம் வாங்குவதாக இருந்தால் மதுரையிலேயே ஒரு வாரம் முன்னதாக வாங்கிப் பேசிப் பார்த்துவிட்டு வாருங்கள். போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரிலும் கடைகள் உண்டு, தமிழில் பேசியே வாங்கலாம். ஆனால் சிம் உயிர்பெறுவதற்குள் உங்கள் படகு புறப்பட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்?

சேலத்திலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, 2018-இல் அங்கே வந்த என் மாமா, வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்ப அரை மணி நேரம் ஆனது என்கிறார். இப்போதும் அப்படித்தானா?

மாமா சொல்வது உண்மை, தம்பி. நானும் அந்தக் காலத்தைப் பார்த்தவன். அப்போது இந்தத் தீவுகளின் இணையம் முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை ஏறி, இறங்கி, பதிலோடு மறுபடி ஏறி இறங்க வேண்டும். அதற்கே அரை நொடி போய்விடும். அந்த ஒரே வழியைத்தான் அரசு அலுவலகம், வங்கி, மருத்துவமனை, வீடு எல்லாமே பங்குபோட்டுக்கொண்டன. தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைகள் இணைய மையங்களின் வாசலில் காத்துக் கிடந்ததை நான் மறக்கவில்லை.

நிலைமையை மாற்றியது சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள். 2018 டிசம்பர் 30-இல் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைத்தார்கள். மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேயரைத் தவிர ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய ஏழு இடங்களையும் அது தொடுகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே ஒளி கேபிளில் போய்த் திரும்ப, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது.

சென்னைக் கடற்கரையில் நிற்கும்போது அந்தக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மணலுக்கு அடியில் நுழைகிற ஒரு கண்ணாடி இழைதான் இங்கே ஒரு தாய் வேலூர் மருத்துவரிடம் காணொளியில் பேசுவதற்கு வழி செய்கிறது. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: கேபிள் வந்துவிட்டது என்கிறீர்கள். ஆனால் போன மாதம் நீல் தீவில் மாலை ஆறு மணிக்குமேல் ஒன்றுமே திறக்கவில்லையே?

இரண்டு காரணங்கள், அம்மா. முதல் காரணம், மேலே சொன்ன பட்டியலிலேயே இருக்கிறது: அதில் நீல் இல்லை. கேபிள் கரையேறும் இடத்திலிருந்து மற்றத் தீவுகளுக்குக் கோபுரத்துக்குக் கோபுரம் வானலை வழியாகத்தான் தரவு தாவ வேண்டும். பகலெல்லாம் கடலில் இருந்தவர்கள் மாலையில் அறைக்குத் திரும்பி, எடுத்த காணொளிகளை ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கினால் அந்தப் பாதை திணறும். காலை ஐந்து மணிக்கு எழுந்து அனுப்பிப் பாருங்கள், பறக்கும். இங்கே சீக்கிரமே விடிந்தும்விடும்.

இரண்டாவது காரணம் மின்சாரம். தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் உற்பத்தியாகிறது. மின்சாரம் நின்றால் கோபுரம் பேட்டரிக்கு மாறும், பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர். போன ஜூலையில் ஒரு நாள் இரவு ஒரு கோபுரத்தடியில் நின்றிருந்தேன். ஜெனரேட்டரின் டீசல் வடிகட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, வடிகட்டியைக் கழற்றி, வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி பொருத்தி, கைப்பம்பை நாற்பது முறை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் இயந்திரம் இருமிக்கொண்டே எழுந்தது. சிவப்பு விளக்கு பச்சையாக மாறிய அடுத்த நிமிடம், பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து, "ஹலோ, கேட்கிறதா?" என்று ஒரு பெரியவரின் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் கைபேசியில் கோடுகள் மறையும்போது எங்கோ ஒருவர் இப்படி நனைந்துகொண்டிருப்பார் என்று நம்புங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகிறோம். வழியில் இணையம் இருக்குமா?

இருக்காது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. வண்டிகளை வரிசையாக, காவலோடுதான் அனுப்புவார்கள். முதல் வரிசை காலை ஆறு மணிக்கு. அதைப் பிடிக்க விடிவதற்கு வெகு முன்பே போர்ட் பிளேயரிலிருந்து கிளம்ப வேண்டும். அனுமதிப் படிவம், அடையாள அட்டை எல்லாவற்றையும் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். சாவடியில் நின்று அட்டையைப் பதிவிறக்கத் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சாலையில் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே படமெடுப்பது, வண்டியை நிறுத்துவது, உணவு கொடுப்பது எல்லாமே சட்டப்படி குற்றம். அந்த மக்களின் காட்டுக்கு நடுவே நாம் சாலை போட்டுப் போகிறோம். அந்தச் சில மணி நேரம் சிக்னல் இல்லாததைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: நான் கையில் பணம் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையே விட்டுவிட்டேன். எல்லாம் யுபிஐதான். சமாளிக்கலாமா?

போர்ட் பிளேயரில் சமாளிக்கலாம். அங்கிருந்து கிளம்பும்போது ரொக்கம் கட்டாயம். இளநீர்க் கடைக்காரரிடம் க்யூஆர் அட்டை இருக்கும். உங்கள் கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹேவ்லாக்கில் ஏடிஎம் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் அதில் பணமும் இணைப்பும் இரண்டும் இருக்க வேண்டுமே! ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஒன்றரை மடங்கு போர்ட் பிளேயரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாக இருக்கட்டும்.

இன்னொன்று. டேட்டா இல்லாமல் வெறும் அழைப்பு சிக்னல் மட்டும் இருக்கும் இடத்தில் *99# என்று அழைத்தால் வங்கிப் பட்டியல் திரையில் வரும். சிறு தொகைகளை அதன் வழியாக அனுப்பலாம். வங்கியில் பதிவான எண்ணிலிருந்துதான் முடியும். ஊரிலேயே ஒருமுறை செய்து பழகிவிட்டு வாருங்கள், அவசரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய காரியம் அல்ல. ஓடிபி வரவேண்டிய வங்கிச் சிம்மை வீட்டில் வைத்துவிட்டு வரும் தவற்றையும் செய்யாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக் போகும் படகில் கைபேசி வேலை செய்யுமா? எனக்குக் குமட்டல் வரும், பாட்டாவது கேட்டுக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன்.

துறைமுகத்தை விட்டுச் சிறிது நேரம் இருக்கும், ஹேவ்லாக் கண்ணுக்குத் தெரியும்போது மறுபடி வரும். நடுவில் வரும், போகும். பாட்டை முதல் நாள் இரவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கோபுரம் தூரமானால் கைபேசி தன் முழு பலத்தோடு கத்திக் கூப்பிடும், கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும். கரை சேர்வதற்குள் பேட்டரி பாதியாகிவிடும். விமானப் பயன்முறையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அந்தமான் வரைபடத்தை முன்னரே இறக்கி வைத்திருந்தால் நடுக்கடலில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அந்த நீலப் புள்ளி காட்டும். குமட்டலுக்கு, பின்பகுதியில் நடு இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். திரையைப் பார்க்காதீர்கள், தொடுவானத்தைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்: ஹேவ்லாக்கில் ஒரு மாதம் தங்கி அங்கிருந்தே வேலை பார்க்கலாமா?

முடியும், ஆனால் இடத்தைப் பார்த்துத் தங்குங்கள். படகுத்துறைக்கும் கோவிந்த் நகர் கடைத்தெருவுக்கும் அருகே இருந்தால் காணொளிக் கூட்டங்கள் பெரும்பாலும் தடையில்லாமல் நடக்கும். அங்கிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராதாநகர் கடற்கரைப் பக்கம் போனால் சிக்னல் மெலியும். அழகுக்கு மயங்கி அங்கே அறை எடுத்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு. விடுதி விளம்பரத்தில் வைஃபை என்று இருந்தால், அது ஃபைபர் இணைப்பா, மின்சாரம் போனால் ரூட்டருக்கு மாற்று மின்சாரம் உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்கினால் வேறு விடுதி பாருங்கள்.

மேலதிகாரியிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கடலுக்கடியில் கேபிளில் கோளாறு வந்தால், பழுதுபார்க்கும் கப்பல் வந்து கண்டுபிடித்துத் தூக்கி ஒட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில் இந்த முயற்சியே வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: என்னிடம் சிங்கப்பூர் எண் மட்டும்தான். அட்டை இல்லாமல் கைபேசியிலேயே பதியும் இ-சிம்மைச் செயலி ஒன்றில் வாங்கிக்கொண்டு வரலாமா? நடுக்கடலுக்கென்று சாட்டிலைட் போனும் எடுத்து வரலாமா?

சாட்டிலைட் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். குறுஞ்செய்தி அனுப்பும் சிறு சாட்டிலைட் கருவிக்கும் அதே விதி. விமான நிலையப் பரிசோதனையில் பிடிபட்டுக் காவல்நிலையம் போனவர்கள் இருக்கிறார்கள். இ-சிம் செயலிகளில் சிலவற்றை அனுமதியில்லை என்று 2024 தொடக்கத்தில் இந்திய அரசு தடுத்தது. உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தின் ரோமிங் திட்டம் பாதுகாப்பான வழி. நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் சென்னையில் இறங்கியதும் கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டி ஓர் இந்தியச் சிம் வாங்கி, அது உயிர்பெற்ற பிறகு அந்தமான் விமானம் ஏறுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்: மகளும் மருமகனும் அடுத்த வாரம் வருகிறார்கள். போன் கிடைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என்ன செய்யட்டும், தம்பி?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அம்மா. என் தாயாரும் இப்படித்தான். மகளிடம் இப்போதே ஒரு தாளில் நாள்வாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த நாள் எந்தத் தீவு, படகின் பெயர், புறப்படும் நேரம், விடுதியின் எண். விடுதியில் ஒன்றுக்கு இரண்டு எண்கள் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பாராடாங் போகும் நாளில் பிற்பகல்வரை அழைப்பு வராது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆபத்து என்றால் 112. தன் சிம்மின் நிறுவனத்துக்கு அங்கே கோபுரம் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் அந்த அழைப்பு போகும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

புயல் வந்தால் படகுகள் நிற்கும். 2016 டிசம்பரில் ஹேவ்லாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டபோது கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவந்தன. அதற்கும் முன்னால், 2004 சுனாமியில் தொலைபேசிகள் ஊமையான நேரத்தில், ஆர்வலர்கள் சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசும் அமெச்சூர் வானொலித் தொடர்புக்காகத் தற்செயலாகப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, தன் கருவியை அப்படியே மீட்புப் பணிக்குத் திருப்பினார். இங்கிருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அவருடைய குழுவின் வானொலி வழியாகப் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மகள் போர்ட் பிளேயரில் இறங்கியதும் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படகும் ஏறும் முன் "ஏறிவிட்டேன்", இறங்கியதும் "இறங்கிவிட்டேன்" என்று வெறும் குறுஞ்செய்தி அனுப்பட்டும், வாட்ஸ்அப் வேண்டாம். டேட்டா இல்லாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்விடும்.