ஒரே மூட்டையாகக் கட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள்

கேள்வி: சென்னையில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. போகிக்குத் துணியை எரிக்கக் கூடாது என்று முடிவெடுத்து, வீட்டுக்கு வீடு வாங்கி, மூட்டை கட்டி, ஓர் ஆசிரமத்துக்குக் கொண்டுபோனோம். பாதிக்குமேல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி மறுசுழற்சிக்கென்றே தனியாகச் சேகரிக்கலாம் என்று இருக்கிறோம். திருப்பூர் மில்கள் பழைய துணியை வாங்கிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா? எப்படித் தொடங்குவது?

பதில்: திருப்பி அனுப்பியதில் ஆசிரமத்துக்காரர்கள் மேல் தப்பே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணி, தொடுவாரில்லாமல் சாலையோரம் மிதிபட்டுக் கிடந்தது. வீடு போனால் மானமும் போய்விடுமா என்ன? கிழிசலையும் கறையையும் தானம் என்று கொடுத்தால், அதைக் கொட்டுகிற வேலையைத்தான் வாங்குகிறவர் தலையில் கட்டுகிறோம்.

திருப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். கழிவுப் பஞ்சுத் தொழிலில் இருபது வருடத்துக்குமேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. மில்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவது பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட். மேசையில் துணியை வெட்டும்போது மிஞ்சுகிற துண்டு அது. யாரும் போட்டதில்லை, துவைத்ததில்லை, பொத்தான் கிடையாது. முக்கியமாக, அது நூற்றுக்கு நூறு பருத்தியா, கலப்பா என்று வெட்டியவருக்கே தெரியும். அதனால்தான் அதற்குக் கிலோ கணக்கில் விலை. உங்கள் மூட்டையில் ஜிப் வைத்த ஜீன்ஸும் நைலக்ஸ் புடவையும் எலாஸ்டிக் போன பாவாடையும் ஒன்றாகக் கிடக்கும். அதைப் பிரிக்க ஆகிற கூலி, துணியின் விலையை விழுங்கிவிடும்.

மில்லில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதைப் பிரிக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். துணியை முதலில் நிறவாரியாகப் பிரிப்பார்கள். பிறகு சிறு துண்டுகளாக நறுக்கி, இரும்புப் பல் வைத்த உருளைகளுக்குள் விடுவார்கள். பல் பிய்க்கப் பிய்க்கத் துணி நூலாகி, நூல் பஞ்சாகிவிடும். ஆனால் அடிபட்ட பஞ்சு இது. இழையின் நீளம் வெகுவாகக் குறைந்துவிடும். நல்ல பனியனுக்கு 30, 40ஆம் நம்பர் நூல் வேண்டும்; நம்பர் கூடக் கூட நூல் மெலியும். இந்தப் பஞ்சில் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மெஷினில் 10, 20ஆம் நம்பர் தடித்த நூல்தான் எடுக்க முடியும், அதுவும் கொஞ்சம் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ சேர்த்தால்தான். அந்த நூல் போர்வை, ஜமுக்காளம், கால்மிதி, தரை துடைக்கும் மாப் என்று போகும். பழைய சட்டையிலிருந்து புதுச் சட்டை வரும் என்று யாராவது சொன்னால், உலகம் முழுக்கவே அப்படித் திரும்பி உடையாக வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. நீலத் துணியைப் பிய்த்தால் நீலப் பஞ்சு, அதிலிருந்து நீல நூல். சாயமே போட வேண்டாம். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்களுக்கு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை மறக்காதவர்களுக்கு, இதன் அருமை தெரியும்.

ஆக, உங்கள் குடியிருப்பில் செய்ய வேண்டியது மூட்டை கட்டுவதற்கு முந்தைய வேலை. மூன்று குவியல் போதும். முதல் குவியல், உங்கள் சொந்தக்காரருக்குக் கூசாமல் கொடுக்கக்கூடிய உடை: துவைத்து, காய்ந்து, பொத்தான் சரியாக இருப்பது. அதை ஆசிரமத்துக்குக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சில ஊர்களில் ‘அன்புச் சுவர்’ என்று அலமாரி வைத்திருக்கிறார்கள், அங்கும் வைக்கலாம். 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. அவர்கள் கிராமத்தில் குளம் தூர்வாருவது போன்ற ஊர்ப்பொது வேலைக்கு ஈடாக உடை கொடுப்பார்கள், உடுத்த முடியாத பருத்தியை மாதவிடாய்த் துணியாகத் தைப்பார்கள்.

இரண்டாவது, உடுத்த முடியாத பருத்தி: பனியன், வேட்டி, லுங்கி, காட்டன் புடவை, பெட்ஷீட். பொத்தான், ஜிப், எலாஸ்டிக் எல்லாவற்றையும் இந்தக் குவியலில் மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். இதற்கு மில்லைத் தேடுவதற்கு முன்னால் தெருமுனை மெக்கானிக்கைக் கேளுங்கள். எண்ணெய் துடைக்க வேஸ்ட் துணியை அவர் காசு கொடுத்து வாங்குகிறார். உங்கள் 48 வீட்டுப் பருத்தியில் நல்ல பங்கு ஒர்க்‌ஷாப்புகளிலும் அச்சகங்களிலுமே தீர்ந்துவிடும். லாரி வாடகையும் மிச்சம். மிஞ்சுவது சில நூறு கிலோ சேர்ந்த பிறகு கழிவுப் பஞ்சு வியாபாரியிடம் பேசலாம். பத்துக் கிலோவுக்கு யாரும் வண்டி அனுப்பமாட்டார்கள்.

மூன்றாவது குவியல்தான் தலைவலி. பாலியஸ்டர், நைலான், கலப்புத் துணி, உள்ளாடை, அப்புறம் லெக்கின்ஸ். லெக்கின்ஸைத் தொட்டால் பருத்தி போலத்தான் இருக்கும், ஆனால் அதில் ரப்பர் போல இழுபடும் எலாஸ்டேன் இழை கொஞ்சம் கலந்திருக்கும். அது கிழியாது, இழுபட்டு உருளையைச் சுற்றிக்கொள்ளும். அரை மணி நேரம் மெஷினை நிறுத்தி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். அதற்கப்புறம் அந்த மூட்டை அனுப்பியவர் பெயர் மில்லில் மறக்காது.

லேபிள் கிழிந்த துணி எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாடை, ஊதினால் பறக்கும் சாம்பல் என்றால் பருத்தி. உருகிச் சுருங்கி, ஆறியதும் கறுப்பு மணிபோல் கெட்டியானால் பாலியஸ்டர். தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. சாம்பலும் வந்து ஓரத்தில் மணியும் கட்டினால் கலப்பு, மூன்றாம் குவியல். இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தால் விரலே சொல்லிவிடும், தீப்பெட்டி தேவைப்படாது.

மூன்றாம் குவியலை மாநகராட்சியின் உலர் குப்பையில்தான் சேர்க்க வேண்டும். 2016 திடக்கழிவு விதிகளில் மக்குவது, மக்காதது, அபாயகரமானது என்று மூன்றே பிரிவு இருந்தது. துணிக்கென்று தனிக் கூடை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் துணியைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயம். நம் ஊரில் சில வருடங்களாகப் போகிக்கு முன்பு மட்டும் பழைய துணி, டயரைத் தனியாகக் கொடுக்கச் சொல்லி மாநகராட்சி வாங்குகிறது. அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மறுசுழற்சிக்கு ஆகாத, ஆனால் எரியக்கூடிய குப்பை சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதுண்டு. பெருங்குடிக் குப்பைக் கிடங்கைத் தோண்டிப் பிரித்தபோது வந்த கந்தலும் அப்படித்தான் போனது. மறுசுழற்சி என்று அதைச் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் வாசலில் கொளுத்துவதற்கு எவ்வளவோ மேல்.

எல்லாவற்றையும்விட ஈரத்துக்குப் பயப்படுங்கள். ஈரமான ஒரு துண்டு உள்ளே போனால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து முழு மூட்டையும் நாறிவிடும். ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சேகரிக்கவே வேண்டாம். பொங்கல் முடிந்து சித்திரை வரை மாதம் ஒரு நாள், அதே கிழமை, காலை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கை மொட்டை மாடியில் வைக்காமல் காவலாளி அறைப் பக்கம் பலகை போட்டு வையுங்கள், தரையில் படக் கூடாது. வாங்கும்போதே ஒருவர் நின்று எந்தக் குவியல் என்று கேட்டுப் போட வேண்டும். பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனால் மறுநாளே அதில் டயப்பர் கிடக்கும், இது நான் கண்கூடாகப் பார்த்தது.

பழைய பட்டுப் புடவை எந்தக் குவியலிலும் சேராது. தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் அதை வாங்குவது பட்டுக்காக அல்ல, ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக. அவர் நீட்டுகிற பிளாஸ்டிக் குடத்துக்கு மயங்காமல், இரண்டு கடையில் ஜரிகையைக் காட்டி விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.