இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுப் பின்தோட்டத்தில் புதிய வீடுகள் கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். தடுக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் "தோட்டத்தில் கட்டுவதை 2010இலேயே தடை செய்துவிட்டார்களே" என்று யாராவது சொன்னால், அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அப்படி ஒரு தடை கிடையாது.

2000ஆம் ஆண்டு வந்த அரசு வழிகாட்டுதல், வீட்டுத் தோட்டத்தையும் கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலத்தோடு சேர்த்து 'பிரவுன்ஃபீல்ட்' (ஏற்கெனவே கட்டடம் கட்டிப் பயன்படுத்திய நிலம்) கணக்கில் போட்டது. புதிய வீடுகளில் 60 சதவீதத்தை அந்தக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற இலக்கும் இருந்தது. பின்வளவுகள் விலைபோகாமல் என்ன செய்யும்? 2010 ஜூனில் தோட்டத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். 2012இல் வந்த தேசியத் திட்டமிடல் கொள்கையும், பொருத்தமற்ற தோட்டக் கட்டுமானத்தை எதிர்க்கும் விதிகளை வகுப்பது பற்றிக் கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) யோசிக்கட்டும் என்ற அளவிலேயே நின்றது. ஆகவே உங்கள் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதன் எண்ணைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே போடுங்கள். (நாட்டுப்புறத்தில் இருக்கிறீர்கள் என்றால் கதை வேறு. கட்டடங்கள் நிறைந்த பகுதிக்கு வெளியே உள்ள வீட்டுத் தோட்டம் பிரவுன்ஃபீல்டாகவே கொள்ளப்படும் என்று டார்ட்ஃபோர்ட் வழக்கில் 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.)

நீங்களும் எங்களைப் போல லண்டன் ஓரத்தில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய செமி டிட்டாச்டு (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி காலமானதும் அவருடைய பிள்ளைகள் வீட்டை ஒரு கட்டடக்காரருக்கு விற்றார்கள். பின்வளவில் இரண்டு மாடிவீடுகள், எங்கள் வேலியை உரசிக்கொண்டு ஒரு கார்ப்பாதை. விளக்குக் கம்பத்தில் அறிவிப்பைக் கட்டியதும் தெருவே கொதித்தது. கொதித்தவர்கள் செய்தது என்ன? ஒருவர் தட்டச்சு செய்த கடிதத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். எங்கள் வீட்டு விலை இறங்கும், சன்னல் வழியே தெரியும் காட்சி மறையும், கட்டடக்காரர் பேராசைக்காரர். மூன்றுமே திட்டமிடல் அதிகாரி கணக்கில் எடுக்க முடியாத காரணங்கள். முன்தோட்டம் முழுவதும் கல் பாவி மூன்று கார் நிறுத்துகிறவர்களும் "பசுமை அழிகிறது" என்று கீழே எழுதியிருந்தார்கள். என்னத்தைச் சொல்ல!

நான் அளவு டேப்பை எடுத்தேன். வரைபடத்தில் கார்ப்பாதையின் அகலம் 3.7 மீட்டர். தீயணைப்பு வண்டி செல்வதற்குக் கட்டட விதிகள் கேட்கும் அகலம் அது; புதிய வீட்டின் எந்த மூலைக்கும் 45 மீட்டருக்குள் வண்டி வந்தாக வேண்டும். வேலிக்கு மேலாக டேப்பை நீட்டிப் பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டவைத்துப் பார்த்தால் மூன்று மீட்டரும் சொச்சமும்தான். அந்தச் சொச்சத்தையும் எரிவாயு மீட்டர் பெட்டி தின்றுகொண்டிருந்தது. எண் தெரியும்படி படம் பிடித்துக்கொண்டேன். எங்கள் பேரிமரத்தையோ வரைபடத்தில் காசளவு வட்டமாக்கியிருந்தார்கள். உண்மையில் அதன் கிளைகள் வேலியைத் தாண்டிப் பாதை வரும் இடம்வரை நிற்கின்றன. வேரும் அங்கேதான் ஓடும். மேல்மாடிச் சன்னல்கள் எங்கள் சமையலறையை நேராகப் பார்ப்பதையும் எழுதினேன்.

இதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. "தம்பி, கட்டுகிறவர் நம்முடைய ஆள்தானே, விட்டுவிடுங்கள்." கோயிலில் தெரிந்த அண்ணன் ஒருவர். நம்முடைய ஆள் என்றால் 3.7 மீட்டர் தானாக வந்துவிடுமா?

கவுன்சில் மறுத்தது. கட்டடக்காரர் மேல்முறையீட்டுக்குப் போனார்; அதை விசாரிக்கும் அரசு ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு அவரும் மறுத்தார். பிறகு, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான்கள் பொருத்திய, தரைத்தளம் மட்டும் உள்ள வீடு ஒன்றுக்குக் கேட்டு அனுமதி வாங்கினார்கள். அதை நான் எதிர்க்கவில்லை.

"நீ வாங்கிவிட்டாய், மற்றவன் வாங்கக்கூடாதா?" என்று கேட்க ஒருவர் வருவார், தெரியும். ஐயா, நானும் ஒரே அறையில் நால்வரோடு படுத்து எழுந்தவன்தான். வீடு வேண்டும். தீப்பிடித்தால் வண்டி வந்து சேரக்கூடிய வீடாக இருக்க வேண்டும்.

இதில் கிடைத்த பெயரால் எனக்கு வந்த வினை வேறு. கார் நிறுத்திய அபராதம், பிள்ளைக்குப் பள்ளியில் இடம், மாமியாரின் விசா என்று எல்லாக் கடிதமும் என் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஒரு மனிதருக்கு நான் எழுதிய கடிதத்தால் அபராதம் தள்ளுபடியானது. ஒரு கலியாண வீட்டில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "என் வழக்கறிஞர் எழுதினார்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றி வேண்டாம், வழக்கறிஞர் கட்டணத்தையாவது தந்திருக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாள்தான். மறுத்தால் விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்துவிட்டால் நமக்கு அந்த உரிமை இல்லை. உங்கள் கவுன்சிலிடம் ஐந்தாண்டுத் தேவைக்கான வீட்டுமனை கையிருப்பு இல்லை என்றால் தராசு கட்டடக்காரர் பக்கம் சாயும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வரைபடங்களைக் கவுன்சில் தளத்திலிருந்து இன்றே இறக்கி, அளவுகளை நேரில் சரிபாருங்கள். கடிதத்தில் விண்ணப்ப எண்ணை விட்டுவிடாதீர்கள். எழுதித் தரச் சொல்லி மட்டும் எனக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.