வெள்ளிக்கிழமை மூட்டை

கேள்வி: பாப், ராப், கன்ட்ரி, ஜாஸ் என்று வெளிநாட்டு ஆல்பங்கள் வாராவாரம் வந்து குவிகின்றன. எதைக் கேட்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. வகைக்கு ஒன்றாக நீங்களே ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போடலாம். எதை எந்த வகையில் சேர்ப்பது என்று நீங்கள் சொல்லிவிட்டால்.

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பம் 2024 மார்ச்சில் வந்தது. பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் உண்டு, ராப் உண்டு, பழைய பீட்டில்ஸ் பாட்டு ஒன்று உண்டு, நடுவில் இத்தாலிய மொழியில் நாலு வரிகூட உண்டு. கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புற இசை; அதற்கென்று அங்கே உள்ள சங்கம் அந்த வருட விருதுகளில் ஒரு பிரிவில்கூட அதன் பெயரைச் சேர்க்கவில்லை. நவம்பரில் அந்த விழா முடிந்தது. மறு பிப்ரவரியில் கிராமிக்காரர்கள் 'சிறந்த கன்ட்ரி ஆல்பம்' என்று அதற்கே கொடுத்தார்கள். ஒரு வீட்டில் திண்ணையோடு சரி, அடுத்த வீட்டில் தலைவாழை இலை!

ஆந்த்ரே 3000 கதை இன்னும் வேடிக்கை. அவுட்காஸ்ட் குழுவின் பெரிய ராப்பர். 2023 நவம்பரில் முதல் தனி ஆல்பம் போட்டார். ஒரு வரி ராப் கிடையாது, முழுக்கப் புல்லாங்குழல்! ராப் ஆல்பம் போடத்தான் நினைத்தேன், காற்று இந்தப் பக்கம் அடித்துவிட்டது என்கிற தோரணையில் முதல் பாட்டுக்குத் தலைப்பே வைத்திருக்கிறார். அந்தப் பாட்டு 12 நிமிடத்துக்கு மேல். ராப் பெட்டியில் தேடுகிறவருக்கு இது எப்படிக் கிடைக்கும்?

சரி, குவிகிறது என்றீர்களே, அது உண்மைதான். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் ரிலீஸ் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள். இப்போது எல்லா மூட்டையும் ஒரே நாளில் இறங்குகிறது. மூட்டையும் பெரிதாகிவிட்டது. டெய்லர் ஸ்விஃப்ட் 2024 ஏப்ரலில் 16 பாட்டு வெளியிட்டு, இரண்டே மணி நேரத்தில் இன்னும் 15 பாட்டைக் கொட்டினார். பாட்டுக் கேட்கிற ஸ்பாட்டிஃபை ஆப்பில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. பாட்டு கூடக் கூடக் கணக்கும் கூடும். கற்பனை பொங்கித்தான் 31 வந்தது என்று நீங்கள் நம்பினால் நம்புங்கள்; எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்த மாதமே இன்னொரு பாடகி பில்லி ஐலிஷ் தன் ஆல்பத்தை 10 பாட்டோடு நிறுத்திக்கொண்டார். முன்னோட்டமாக ஒன்றைக்கூட விடவில்லை, முழுசாகக் கேளுங்கள் என்று.

ஒரு காலத்தில் மியூசிக் சென்டரில் 90 நிமிட கேசட்டைக் கொடுத்து, பாட்டு லிஸ்ட் எழுதி நீட்டிவிட்டு ஒரு வாரம் காத்திருப்போம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். அதையும் சேர்த்தேதான் மனப்பாடம் செய்தோம். நீங்கள் போன வெள்ளிக்கிழமை திறந்ததில் எதையாவது கடைசி வரை கேட்டீர்களா?

லிஸ்ட்தான் வேண்டும் என்றால், ஒன்றே ஒன்று தருகிறேன். சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்', 2023. ஸ்டுடியோவில் அவர்கள் ஆல்பம் செய்து 45 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜான் மெக்லாக்லினின் கிதார், ஜாகிர் உசேனின் தபலா, சங்கர் மகாதேவனின் குரல், கணேஷ் ராஜகோபாலனின் வயலின். அப்புறம், விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த அதே குழுவில் அவர் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா. கேட்டு முடித்துவிட்டு அது ஜாஸா, கர்நாடகமா, இந்துஸ்தானியா என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். கிராமிக்காரர்கள் 'குளோபல் மியூசிக்' என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள்.