நடந்தால் வலி, நின்றால் சரி: இது வெறும் வயதுதானா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய், சிகரெட்டையும் விடவில்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று நின்றுவிடுகிறார், ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. 'வயசானா இப்படித்தான்' என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா டாக்டர்?

பதில்: விடாதீர்கள். நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வருகிறது என்றால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் இவ்வளவு கணக்காக வராது. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும்தான், ஆனால் அவர்களுக்கு வெறுமனே நின்றால் போதாது, உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டியிருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம், ஊசி கிடையாது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுப்பார்கள், ஏ.பி.ஐ. என்று பெயர். 1.0 முதல் 1.4 வரை சரி, 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடுவதால் அடைப்பு இருந்தும் எண் நன்றாக இருப்பதுபோல் காட்டலாம், 1.4-ஐத் தாண்டியும் போகலாம், அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைக் கால் பிரச்சினை என்று மட்டும் நினைப்பதில்தான் எனக்கு வருத்தம். காலில் படிந்த அதே கொழுப்பு இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம், இவர்களில் பலருக்குக் கால் போவதைவிட மாரடைப்பும் பக்கவாதமும்தான் பெரிய ஆபத்து. அதனால் சிகரெட்டை நிறுத்துவதுதான் முதல் மருந்து (குறைக்கிறேன் என்பதெல்லாம் போதாது), அப்புறம் சர்க்கரை, பிரஷர் கட்டுப்பாடு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவர் தரும் மாத்திரை. நடையையும் நிறுத்தக்கூடாது! டாக்டர் சரி என்றதும், வலி ஓரளவு வரும்வரை நடந்து, நின்று, அது போனதும் மறுபடி நடக்க வேண்டும், வாரத்துக்கு மூன்று நாளாவது, மூன்று மாதம் இப்படித் தொடர்ந்தால் பலருக்கு வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடுகிறது.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரலில் புண் ஆறாமல் இருந்தாலோ, விரல் கருத்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

கேள்வி: எனக்கு 54 வயது, பிரஷரும் கொழுப்பும் உண்டு, கால் வலி இல்லை. நானும் இந்தச் சோதனை செய்ய வேண்டுமா?

பதில்: செய்துகொள்வது நல்லது. அடைப்பு உள்ளவர்களில் நிறையப் பேருக்கு வலியே இருப்பதில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், 50-க்கு மேல் சர்க்கரை, புகை, பிரஷர், கொழுப்பு போன்றவை உள்ளவர்களுக்கும் அறிகுறி இல்லாமலே பார்க்கலாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

கேள்வி: கால் வலிக்கு இறுக்கமான காலுறையை நானே வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். அது சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) வீக்கத்துக்கானது. தமனியில் (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில்) அடைப்பு இருக்கும் காலை இறுக்கினால் கொஞ்சநஞ்சம் போகிற ரத்தமும் குறையும், ஏ.பி.ஐ. பார்த்த பிறகு டாக்டர் சொன்னால் போடுங்கள்.